சிறுதொழிலும் வலையொலியும்

(சிறுதொழில் வளர்ச்சி அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரை)

மொராதாபாத் நகரில் பித்தளைக் கலன்களுக்கு மெருகேற்றித் தரும் சிறு பட்டறை ஒன்றின் உரிமையாளரை எண்ணிப் பார்க்கலாம். காலையில் பட்டறையைத் திறப்பவரும் அவரே. மூலப்பொருள் வாங்கச் செல்பவரும், கூலி பட்டுவாடா செய்பவரும், இரவில் கணக்கெழுதுபவரும் அவரே. அவர் செய்தளித்த வேலைக்கான தொகை மூன்று மாதங்களாக வந்து சேரவில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டம் அவருக்குத் துணை நிற்கிறது. சரக்கையோ பணியையோ ஏற்றுக்கொண்ட நிறுவனம், எழுத்து மூலமான ஒப்பந்தம் எவ்வாறிருப்பினும், 45 நாட்களுக்கு மேல் தொகையை நிறுத்தி வைத்தலாகாது என்று அச்சட்டம் கூறுகிறது. ஒப்பந்தம் ஏதுமில்லையெனில் கெடு 15 நாட்களே. கெடு கடந்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மும்மடங்கு விகிதத்தில் கூட்டு வட்டி செலுத்த வேண்டும். இவையனைத்தையும் விளக்கும் துண்டறிக்கை அவருடைய மேசை இழுப்பறையிலேயே கிடக்கக்கூடும். அவர் அதைப் படித்திருக்க மாட்டார். படித்திருந்தாலும் அதன்வழி நடக்கத் துணிந்திருப்பாரா என்பது ஐயமே.

இதற்குக் காரணம் அவருடைய அறியாமை அன்று. முதலாவது, அச்சிட்ட தாளை அமர்ந்து படிக்க அவருக்கு ஓய்வில்லை. இரண்டாவது காரணம் இதனினும் ஆழமானது. தொகையை வற்புறுத்திக் கேட்டால் அடுத்த ஆர்டர் கைநழுவிப் போகுமோ என்று அவர் அஞ்சுகிறார். "இவ்வாறு கேட்டவர் யாரேனும் உண்டா? கேட்டவருக்கு என்ன நேர்ந்தது?" என்பதே அவர் மனத்திலுள்ள வினா. இவ்வினாவிற்கு விடை சட்டப் புத்தகத்தில் இல்லை. அதே தொழிலில் உழலும் மற்றொருவரின் வாய்மொழியில்தான் அது கிடைக்கும்.

அத்தகைய வாய்மொழியைப் பலருக்கும் கொண்டு சேர்ப்பதற்கு இன்று ஓர் எளிய சாதனம் கிடைத்துள்ளது. பாட்காஸ்ட் என்று பரவலாக வழங்கப்படும் வலையொலியே அது. தொழில், வணிகத் துறையினரோடு நிலையான உறவை வளர்த்துக்கொள்ள அலுவலகங்களும், தொழில் சங்கங்களும், வங்கிகளும் இதனை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

வலையொலி என்பது என்ன?

வானொலியில் ஒலிபரப்பாகும் நிகழ்ச்சி காற்றோடு கலந்து போகிறது. குறித்த நேரத்தில் பெட்டியருகே இல்லாதவர் அதனை இழக்கிறார். வலையொலியோ, ஒலிப்பதிவாக இணையத்தில் தங்கி நிற்பது. கேட்பவர் தமக்கு வாய்த்த நேரத்தில், செல்பேசி வழியே அதனைக் கேட்கலாம், நடுவில் நிறுத்தலாம், புரியாத பகுதியைத் திரும்பவும் கேட்கலாம். ஒரு தொடரைத் தெரிந்தெடுத்துப் பதிவு செய்துகொண்டால், அதன் புதிய பகுதி வெளியாகும்போதெல்லாம் தாமாகவே அவரை வந்தடையும்.

இவ்வாறு தாமாக வந்தடையச் செய்வது "ஆர்.எஸ்.எஸ். ஓடை" எனப்படும் இணைய ஏற்பாடாகும். இவ்வோடையோடு ஒலிக்கோப்புகளை இணைத்தனுப்பும் முறை 2000, 2001-ஆம் ஆண்டுகளில் உருவாயிற்று. "பாட்காஸ்ட்" என்ற சொல் 2004-இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ்க் கட்டுரை ஒன்றில் முதன்முதலாக எழுத்தேறியது. 2005 ஜூன் மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐட்யூன்ஸ் மென்பொருளில் இவற்றிற்கு இடமளித்தபின் இவ்வழக்கம் உலகெங்கும் பரவலாயிற்று.

இந்தியாவில் இதற்கான சூழல் பிந்தியே கனிந்தது. இணையப் பயன்பாட்டின் விலையே முக்கியத் தடையாக இருந்தது. 2014-இல் ஒரு ஜிகாபைட் தரவுக்குச் சராசரியாக ரூ.269 அளவில் செலவாயிற்று; 2016-க்குப் பின் ஏற்பட்ட கடும் போட்டியால் அது ஏறத்தாழ ரூ.10 என்ற அளவிற்கு இறங்கியது. இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் உணரலாம். பேச்சொலிக்குப் போதுமான 64 கிலோபிட் தரத்தில் பதிவு செய்த அரைமணி நேர உரைக்கு 14.4 மெகாபைட் தேவை. ஒரு ஜிகாபைட்டில் இத்தகைய உரைகள் ஏறத்தாழ 70 அடங்கும். அதாவது, அரைமணி உரை ஒன்றைக் கேட்பதற்கான தரவுச் செலவு இருபது பைசாவிற்கும் குறைவு. ஓர் அஞ்சலட்டையின் விலையினும் இது சிறிது.

பேசுபவருக்கும் செலவு மிகுதியில்லை. ஒலிபரப்புக் கோபுரம் வேண்டியதில்லை; அலைவரிசை ஒதுக்கீடும் வேண்டியதில்லை. நல்ல ஒலிவாங்கி ஒன்றும், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கதவடைத்துக்கொள்ளத்தக்க சிறு அறை ஒன்றும் இருந்தால் தொடக்கத்திற்குப் போதும். திரைச்சீலையும் துணியடுக்குகளும் எதிரொலியைக் குறைக்கப் பெரிதும் உதவும்.

செலவு இவ்வளவு குறைந்தமையால் முக்கியமான ஒரு விளைவு ஏற்பட்டுள்ளது. வானொலி நிகழ்ச்சி இலட்சக்கணக்கானவரை எட்டினாலன்றிக் கட்டுப்படியாகாது. ஆகவே அது எல்லாருக்கும் பொதுவானதைப் பேச வேண்டியிருந்தது. வலையொலியோ முந்நூறு பேருக்காகவும் நடத்தப்படலாம். ஃபிரோசாபாத்தின் கண்ணாடி வளையல் சூளைக்காரர்களுக்கென்றே ஒரு தொடர், மோர்பியின் ஓடு உற்பத்தியாளர்களுக்கென்றே ஒரு தொடர் என்று வகுத்துக்கொள்ள இயலும். தொழிலுலகத்தோடு உறவாடுவதற்கு இக்குறுகிய எல்லையே இதன் பலமாகும்.

பழைய பாடங்கள்

சாதனம் புதிது, ஆயினும் ஒலியின் மூலம் தொழில் செய்வோரை அணுகும் முயற்சி இந்நாட்டிற்குப் புதிதன்று. கனடா நாட்டில் 1941-இல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றங்கள் இத்துறையில் முன்னோடியாக அமைந்தன. அயலார் சிலர் ஒரு வீட்டில் கூடி நிகழ்ச்சியைக் கேட்பார்கள், கேட்டபின் விவாதிப்பார்கள், தம் கருத்துகளை வானொலிக்கு எழுதியனுப்புவார்கள்.

இம்முறையை இந்திய மண்ணிற்கேற்பச் சோதிக்க 1956-இல் யுனெஸ்கோ உதவியுடன் அகில இந்திய வானொலி ஒரு முயற்சியை மேற்கொண்டது. அன்றைய பம்பாய் மாநிலத்தின் பூனா, அகமதுநகர், நாசிக், வட சதாரா, கோலாப்பூர் ஆகிய ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 சிற்றூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பத்து வாரங்கள், வாரம் இருமுறை, அரைமணி நேரம் மராத்தி மொழியில் நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. ஒவ்வோர் ஊரிலும் ஏறத்தாழ இருபது பேர் கொண்ட மன்றம் கூடியது. அவர்கள் எழுப்பிய வினாக்கள் வானொலி நிலையத்திற்கு அனுப்பப்பட்டு, பின்வரும் நிகழ்ச்சிகளில் விடையளிக்கப்பட்டன.

இம்முயற்சியின் பயனை பம்பாயிலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம் மதிப்பிட்டது. மன்றம் அமைந்த ஊர்கள், மன்றமின்றி வானொலிப் பெட்டி மட்டும் இருந்த ஊர்கள், இரண்டும் இல்லாத ஊர்கள் ஆகியவை ஒப்பிடப்பட்டன. மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு கணிசமாக வளர்ந்திருந்தது; பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் அத்தகைய வளர்ச்சி காணப்படவில்லை. ஒலி சென்று சேர்ந்தால் மட்டும் போதாது, கேட்டவர் திரும்பிப் பேசுவதற்கும் வழி இருக்க வேண்டும் என்ற உண்மை அன்றே நிலைநாட்டப்பட்டது. 1959-இல் இத்திட்டம் நாடெங்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆனால் மன்றங்களின் எண்ணிக்கை பெருகிய வேகத்தில் அவற்றைப் பேணும் ஏற்பாடு வளரவில்லை. காலப்போக்கில் அவை தேய்ந்து மறைந்தன.

வானொலி ஈட்டிய நம்பிக்கைக்குத் தஞ்சை மாவட்டம் சிறந்ததொரு சான்று. 1960-களின் பிற்பகுதியில் ஏ.டி.டி.-27 என்னும் புதிய குறுகியகால நெல் இரகம் பற்றித் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் தொடர்ந்து எடுத்துரைத்தன. அதனைக் கேட்டுப் பயிரிட்ட உழவர்கள் அந்நெல்லுக்கு "ரேடியோ நெல்" என்றே பெயரிட்டு வழங்கினர். ஆராய்ச்சி நிலையம் அளித்த எண்ணைவிட, சேதி சொன்ன குரல் அவர்கள் மனத்தில் நிலைத்தது.

வணிக நிறுவனங்களும் இவ்வாற்றலை அறிந்திருந்தன. 1952 டிசம்பரில் இலங்கை வானொலியின் வணிக ஒலிபரப்பில் "பினாகா கீத்மாலா" தொடங்கியது. பற்பசை நிறுவனம் ஒன்றின் ஆதரவில் அமீன் சயானி வாரந்தோறும் வழங்கிய இந்நிகழ்ச்சிக்கு இந்தியாவெங்கிலுமிருந்து நேயர் கடிதங்கள் குவிந்தன. திரையிசை விருப்பக் கடிதங்களுக்குப் பெயர்பெற்ற ஜும்ரி தெலையா, அபிரகச் சுரங்கத் தொழிலால் வாழ்ந்த சிற்றூர். இன்று ஜார்க்கண்டிலுள்ள அவ்வூரின் பெயரை வானொலி கேட்ட பலரும் அறிந்திருந்தனர். அறிவிப்பாளர் நேயரைத் தம் உடன்பிறந்தாரைப்போல் விளித்துப் பேசியதும், அவர்களுடைய ஊரையும் பெயரையும் வாசித்ததும், வாரந்தோறும் தவறாது வந்ததுமே அவ்வுறவை வளர்த்தன. பற்பசையின் பெருமை அந்நிகழ்ச்சியில் சிறிதளவே பேசப்பட்டது.

தொழில் துறையினர் எத்தகைய நேயர்கள்?

பொது நேயருக்கும் தொழில் துறை நேயருக்கும் வேறுபாடுகள் உண்டு. தொழில் செய்பவருக்கு நேரமே முதல். அரைமணி நேரத்தை ஒருவர் கொடுத்தால், அதற்கு ஈடாக ஏதேனும் ஒன்றை அவர் எடுத்துச் செல்ல வேண்டும். மேலும், அவர் நாள்தோறும் விற்பனைப் பேச்சைக் கேட்டுப் பழகியவர். தாமே அவ்வாறு பேசுபவர். ஆகவே விளம்பரத்தின் சாயல் தென்பட்டவுடன் விலகிவிடுவார். மூன்றாவதாக, அவர் அனுபவசாலி. தம் தொழிலைப்பற்றித் தமக்குத் தெரிந்ததையே பிறர் உபதேசமாகக் கூறுவதை அவர் விரும்புவதில்லை.

வெளிநாடுகளில் நீடித்து நிற்கும் பொருளாதார, வணிக வலையொலிகளை நோக்கினால் இவ்வியல்பிற்கேற்ப அவை அமைந்திருப்பதைக் காணலாம். "ஈகான்டாக்" என்ற பெயரில் பொருளாதார அறிஞர் ரஸ் ராபர்ட்ஸ் 2006-இல் தொடங்கிய உரையாடல் வாரந்தோறும் திங்கட்கிழமை வெளிவரும் ஒழுங்கை வழக்கமாக்கிக்கொண்டது. ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழும் அதே ஆண்டில் தன் வலையொலியைத் தொடங்கியது. இதழைப் படிக்க நேரமில்லாத மேலாளர்களையும் அது எட்டியது. 2008-இல் அமெரிக்க வீட்டுக் கடன் நெருக்கடி உலகையே உலுக்கியபோது, அதன் காரணங்களைக் கடன் வாங்கியவர், கொடுத்தவர், அக்கடனை மறுவிற்பனை செய்தவர் ஆகியோரின் வாய்மொழியாகவே விளக்கிய ஒரு வானொலி நிகழ்ச்சி பெரும் வரவேற்பைப் பெற்றது. அதிலிருந்தே "பிளானட் மணி" என்னும் தொடர் பிறந்தது. இந்தியாவில் 2017 ஜனவரியில் அமித் வர்மா தொடங்கிய "தி சீன் அண்ட் தி அன்சீன்" என்னும் உரையாடல் தொடர், தொடக்கத்தில் இருபது நிமிட அளவில் இருந்து, பின்னர் பல மணி நேரம் நீளும் உரையாடல்களாக வளர்ந்தது. பொருளுள்ள பேச்சாயின் நேயர் பொறுமையோடு கேட்பர் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

ஓர் எடுத்துக்காட்டுத் தொடர்

மொராதாபாத் பட்டறைக்காரரிடம் மீண்டும் வரலாம். அவரைப் போன்றோருக்காக, தாமதமாகும் தொகைகளைப் பற்றி ஒரு தொடர் நடத்துவதாயின் அது எவ்வாறு அமைய வேண்டும்?

முதற்பகுதி சட்டத்தின் முன்னுரையோடு தொடங்கலாகாது. தொகை வராததால் மூலப்பொருள் வாங்க இயலாது தவித்த ஒருவரின் அனுபவத்தோடு தொடங்க வேண்டும். அடுத்த பகுதியில் 45 நாள், 15 நாள் கெடுக்களின் வேறுபாட்டையும், கெடு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும், சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான சான்றை ஏன் கேட்டு வாங்கிவைக்க வேண்டும் என்பதையும் விளக்கலாம். மூன்றாம் பகுதி, மாநிலங்களில் இச்சட்டத்தின்கீழ் அமைந்த வசதிக் குழுக்களைப் பற்றியது. முறையீடு எவ்வாறு செய்வது, எந்தத் தாள்கள் வேண்டும், சமரச முயற்சி எவ்வாறு நடைபெறும் என்பன அதில் இடம்பெறும். 2017 முதல் "சமாதான்" இணையதளத்தின் வாயிலாக முறையீடு செய்ய வழி ஏற்பட்டதையும் அதில் கூறலாம்.

நான்காம் பகுதி, வழக்காடாமலே பணம் பெறும் வழியைப் பேசலாம். ரிசர்வ் வங்கி 2014-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி உருவான "டிரெட்ஸ்" என்னும் மின்னணு மேடைகள் 2017 முதல் இயங்கி வருகின்றன. சரக்கு விற்றவரின் பில்லை வாங்கியவர் அம்மேடையில் ஏற்றுக்கொண்டவுடன், வங்கிகள் போட்டியிட்டு வட்டி விகிதம் கூறுகின்றன. விற்றவர் தள்ளுபடி போகத் தொகையை உடனே பெறுகிறார். பின்னர் வாங்கியவர் தொகை செலுத்தத் தவறினாலும் விற்றவரிடம் வங்கி திரும்பி வர இயலாது. ரூ.250 கோடிக்கு மேல் ஆண்டு விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் இம்மேடைகளில் சேரவேண்டும் என 2024 நவம்பரில் அரசு அறிவித்தது. இதனைப் பயன்படுத்திய சிறுதொழிலர் ஒருவர், தமக்கு எத்தனை நாளில் பணம் கிடைத்தது, எவ்வளவு தள்ளுபடியாயிற்று என்று கணக்கோடு கூறினால், அது பத்துக் கருத்தரங்குகளுக்கு ஈடாகும்.

ஐந்தாம் பகுதி கசப்பான பகுதி. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், குறு, சிறு தொழில்களுக்குரிய தொகையைக் கெடுவுக்குள் செலுத்தாத நிறுவனம், அதனைச் செலுத்தும் ஆண்டு வரையில் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ள இயலாதபடி செய்தது. நோக்கம் நன்று. ஆயினும், இதற்கு அஞ்சிப் பெரிய நிறுவனங்கள் தம் ஆர்டர்களைப் பதிவு பெறாதவரிடமோ பெரிய உற்பத்தியாளரிடமோ மாற்றிவிடுமோ என்ற கவலை வணிக வட்டாரங்களில் எழுந்தது. இக்கவலையை மறைத்துவிட்டுச் சட்டத்தின் நன்மையை மட்டும் பேசும் தொடரை எந்தத் தொழில் முனைவோரும் நம்பமாட்டார். கவலையை வெளிப்படையாக எடுத்துக்கொண்டு, இரு தரப்பினரையும் அழைத்துப் பேசவைப்பதே முறை. அலுவலகம் தன்னிடம் எளிய விடை இல்லாத வினாவையும் எதிர்கொள்கிறது என்று நேயர் உணரும் நாளில்தான் உறவு தொடங்குகிறது.

கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள்

முதல் நெறி, நேயரைத் தெளிவாக வரையறுத்தல். 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவு முறையில் பதிவு பெற்ற தொழில்களின் எண்ணிக்கை, துணைப் பதிவுகளையும் சேர்த்து, 2025-இல் 6 கோடியைக் கடந்தது. ஆறு கோடிப் பேருக்கும் பொதுவாகப் பேச முற்பட்டால் ஒருவருக்கும் பயன்படாது. ஒரு நகரம், ஒரு தொழில், ஒரு சிக்கல் என்று தொடங்குவதே சாலச் சிறந்தது. மொழியும் அவ்வட்டாரத் தொழிலாளர் பேசும் மொழியாக இருத்தல் வேண்டும். பட்டறையில் வழங்கும் சொல்லை விடுத்துக் கோப்புச் சொல்லை எடுத்தாண்டால் நேயர் அந்நியராகிவிடுவார்.

இரண்டாவது நெறி, நேயரையே விருந்தினராக்குதல். பேட்டிக்கு அழைக்கப்படும் ஒவ்வொரு தொழில் முனைவோரோடும் அலுவலர் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசுகிறார். அதற்கு முன் அவருடைய தொழிலைப்பற்றிப் படித்தறிகிறார். பட்டறையைச் சென்று காண்கிறார். மனுவும் முத்திரையும் இடையில் இல்லாத சந்திப்பாக அது அமைகிறது. ஆண்டொன்றில் இருபத்தைந்து பகுதிகள் வெளிவந்தால், இருபத்தைந்து தொழில் முனைவோரோடு நேரடி உறவு ஏற்பட்டுவிடுகிறது. ஒருவர்கூடக் கேளாதிருந்தாலும் இப்பயன் அழியாது.

மூன்றாவது நெறி ஒழுங்கு. மாதமிருமுறை என்று அறிவித்தால், மாதமிருமுறை வந்தே தீரவேண்டும். தொடக்க விழா நடத்தி, ஆறு பகுதிகள் வெளியிட்டு, அலுவலர் மாற்றலாகிச் சென்றவுடன் நின்றுபோகும் தொடர், தொடங்காத தொடரைவிடத் தீங்கானது. ஆகவே ஒருவரை மட்டும் நம்பியிராமல் இருவர் மூவர் பயிற்சி பெற வேண்டும். முதற்பகுதி வெளியாகும் முன்னரே நான்கைந்து பகுதிகள் பதிவாகி இருப்பில் இருக்க வேண்டும்.

நான்காவது நெறி, விடையளித்தல். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும், வினாக்களை எந்த எண்ணுக்குக் குரல்செய்தியாக அனுப்பலாம் என்று கூற வேண்டும். அடுத்த பகுதி அவ்வினாக்களுக்கான விடையோடு தொடங்க வேண்டும். பூனா முயற்சியின் சாரம் இதுவே. எழுதத் தயங்குபவரும் குரல்செய்தி அனுப்பத் தயங்குவதில்லை. கூறியதில் பிழை நேர்ந்திருந்தால், அடுத்த பகுதியில் அதனை ஒப்புக்கொண்டு திருத்துவதும் இவ்விடையளித்தலில் அடங்கும்.

ஐந்தாவது நெறி, தற்புகழ்ச்சி தவிர்த்தல். துறையின் சாதனைப் பட்டியலுக்கும் உயர் அலுவலர்களின் வாழ்த்துரைகளுக்கும் வேறு இடங்கள் உள்ளன. வலையொலியில் அவை நுழைந்தால், நேயர் விரலசைவில் வெளியேறிவிடுவார். திரும்பி வருவதும் அரிது.

எச்சரிக்கைகள்

தொகை தராத நிறுவனத்தைப்பற்றிப் பேச முன்வரும் சிறுதொழிலர், தம் பிழைப்பையே பணயம் வைக்கிறார் என்பதை அலுவலர் மறத்தலாகாது. குரல் என்பது கையெழுத்தைப் போன்றது. பெயரை மறைத்தாலும் தொழில் வட்டாரத்தில் அடையாளம் காணப்பட்டுவிடும். ஆகவே, வெளியிடும் முன் முழுப் பதிவையும் அவர் கேட்டு இசைவு தருதல் வேண்டும். அவர் நீக்கச் சொல்லும் பகுதியை மறுப்பின்றி நீக்க வேண்டும். தேவைப்படின் அவருடைய அனுபவத்தை வேறொருவர் குரலில், ஊரும் அளவும் மாற்றி உரைக்க வேண்டும். அவ்வாறு மாற்றப்பட்டிருப்பதை நேயருக்கும் சொல்லிவிட வேண்டும். ஒரு நல்ல பகுதிக்காக ஒருவரின் ஆர்டரை இழக்கச் செய்தல் தகாது.

இரண்டாவதாக, வலையொலியில் கூறுவது அலுவலகத்தைக் கட்டுப்படுத்தும். "முறையீட்டுடன் வருவோருக்கு அதே வாரத்தில் வழிகாட்டப்படும்" என்று குரலால் உறுதி கூறிவிட்டு, வந்தவரை மேசைக்கு மேசை அலையவிட்டால், அவர் அக்குரலை மீண்டும் நம்பமாட்டார். தம் நண்பர்களிடமும் அதனைச் சொல்வார்.

மூன்றாவதாக, பிறர் மேடைகளை முழுமையாக நம்பியிருத்தல் நன்றன்று. பல கோடிப் பேரின் கருவிகளில் இருந்த "கூகுள் பாட்காஸ்ட்ஸ்" செயலி 2024-இல் மூடப்பட்டது. ஒலிக்கோப்புகளின் மூலப் பிரதியும், ஓடையின் முகவரியும் நடத்துபவர் வசமே இருந்தால், ஒரு மேடை மூடினாலும் நேயர் வேறு செயலியில் அதே தொடரைக் கேட்டுக்கொள்ள இயலும். ஒவ்வொரு பகுதியின் எழுத்து வடிவத்தையும் உடன் வெளியிடுவது, செவித்திறன் குறைந்தோருக்கும் குறிப்பெடுக்க விரும்புவோருக்கும் உதவும்.

பயனை அளப்பது எவ்வாறு?

எத்தனை பேர் கேட்டனர் என்ற எண்ணிக்கையைக் கொண்டே வெற்றியை அளக்கும் வழக்கம் மேலதிகாரிகளிடையே உண்டு. தொழில் துறை வலையொலிக்கு இவ்வளவுகோல் பொருந்தாது. ஒரு நகரின் பித்தளைத் தொழிலருக்கான தொடரை நானூறு பேர் கேட்டால் அது சிறிய எண்ணன்று; அவர்களைக் கருத்தரங்கொன்றிற்கு வரவழைக்க மண்டபமும் உணவும் பயணச் செலவும் வேண்டியிருந்திருக்கும். எத்தனை பேர் முடிவு வரை கேட்டனர், எத்தனை வினாக்கள் வந்தன, வினா கேட்டவருள் எத்தனை பேர் பின்னர் அலுவலகத்திற்கு வந்தனர், வந்தவருள் எத்தனை பேரின் காரியம் முடிந்தது என்ற நான்கு எண்களை மாதந்தோறும் ஒரு தாளில் குறித்து வந்தால் போதும். இவற்றுள் கடைசி எண்ணே முதன்மையானது.

முடிவாக

வலையொலி, பணம் தராதவரிடமிருந்து பணத்தைப் பெற்றுத் தராது. சட்டத்தையும் குழுவையும் வங்கியையும் அதனால் ஈடுசெய்ய இயலாது. ஆனால், தனித்து நிற்பதாக எண்ணி அஞ்சும் ஒரு சிறுதொழிலருக்கு, அதே அச்சத்தைக் கடந்த மற்றொருவரின் குரலை அது கொண்டு சேர்க்கும். அக்குரலைக் கேட்டு அவர் கேட்கத் துணியும் வினாவை அலுவலகத்திற்கும் கொண்டு வரும். 1956-இல் மராத்தியச் சிற்றூர்களில் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்தவர்கள் தந்த பாடம் இதுவே. அன்று மன்றங்கள் தேய்ந்தமைக்கு ஒலிபரப்புக் கருவி காரணமன்று. மறுமுனையில் செவிமடுக்கும் ஏற்பாடு தளர்ந்ததே காரணம்.

இவ்வகுப்பில் பயிலும் அலுவலர்கள் தத்தம் மாவட்டங்களுக்குத் திரும்பியவுடன் ஒலிவாங்கி வாங்க விரைய வேண்டியதில்லை. முதலில் பத்துப் பட்டறைகளுக்குச் சென்று, உரிமையாளர்கள் எதைக் கேட்க விரும்புகின்றனர் என்று கேட்டறிந்து வரட்டும். தொடரின் முதற்பகுதி அங்கேதான் கிடைக்கும்.